மிகாசாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: வெளியிலிருந்து தொடங்குங்கள்

நான் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக வேலை பார்த்தவன். யோகோஹாமாவில் கப்பல் நின்றபோதெல்லாம் நேரம் கிடைத்தால் ரயில் ஏறி யோகோசுகா போய்விடுவேன். அங்கே கரையோரப் பூங்காவில் மிகாசா என்ற பழைய ஜப்பானியப் போர்க்கப்பல் நிற்கிறது. 1906-ல் ட்ரெட்நாட் என்ற பிரிட்டிஷ் கப்பல் வருவதற்கு முந்தைய காலத்துப் போர்க்கப்பல்களில் உலகத்தில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நான்கு முறை போயிருக்கிறேன். முதல் முறை கையில் இருந்தது மூன்று மணி நேரம். நேராக உள்ளே போய்க் கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த பதக்கங்களையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்டே நின்றதில் நேரம் முடிந்துவிட்டது. கப்பலைப் பார்க்காமலேயே திரும்பினேன். அந்த வருத்தம் அடுத்த முறை போகும்வரை மனதில் இருந்தது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

யோகோஹாமாவிலிருந்து கெய்க்யூ ரயிலில் யோகோசுகா-சூவோ நிலையம் சுமார் அரை மணி நேரம். அங்கிருந்து கால் மணி நேர நடை. பூங்காவுக்குள் நுழைந்ததும், 1905-ல் இந்தக் கப்பலிலிருந்து ஜப்பானியப் படையை நடத்திய அட்மிரல் டோகோ ஹெய்ஹாச்சிரோவின் சிலை, அதற்குப் பின்னால் கப்பல். பிடிப்புள்ள ஷூ போட்டுப் போங்கள். உள்ளே ஏணிகள் செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது ஏணியைப் பார்த்தபடி, கைப்பிடியை விடாமல் இறங்குங்கள். கப்பல்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் இறங்குவார்கள்.

சரி, டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கரையிலேயே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

காலடியால் அளந்து பாருங்கள்

கப்பலின் பக்கவாட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலடி எண்ணிக்கொண்டு நடங்கள். எனக்கு 178 வந்தது. நீளம் 131.7 மீட்டர், அகலம் 23.2 மீட்டர். நான் வேலை பார்த்த சாதாரண பல்க் கப்பலே 190 மீட்டர் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இது சின்னதுதான். ஆனால் இந்த நீளத்துக்குள் 15,000 டன்னுக்கு மேல் எடையை அடைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பங்கு கவசமும் பீரங்கியும். இந்தக் குட்டையான, பருத்த உடம்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதற்குள்தான் வருகிறது.

அப்புறம் அணியத்துக்கு வாருங்கள். எங்கள் ஊர் வள்ளக்காரர்கள் கப்பலின் முன்முனையை அணியம் என்பார்கள். நம் காலத்துக் கப்பல்களில் அணியம் மேலே போகப்போக முன்னால் சாய்ந்திருக்கும். இங்கே அது கீழே போகப்போக முன்னால் நீள்கிறது. எதிரிக் கப்பலை முட்டி உடைப்பதற்கான இடிமுனை அது. பீரங்கிகள் பல கிலோமீட்டர் எட்டத் தொடங்கிய பிறகும், கிட்ட வந்தால் முட்டலாம் என்ற நினைப்பு வடிவமைப்பவர்களை விடவில்லை. மிகாசா யாரையும் முட்டியதில்லை.

கப்பல் இப்போது மிதக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அடிப்பாகத்தைத் தரையில் பதித்துக் கான்கிரீட்டால் சூழ்ந்திருக்கிறார்கள். பாய்லர் அறையையோ இன்ஜின் அறையையோ பார்க்க முடியாது. என் போன்றவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனாலும் கரையில் நின்றபடியே அவற்றை ஓரளவு ஊகிக்க முடியும், எப்படி என்று சொல்கிறேன்.

இரண்டு புகைபோக்கிகளைப் பாருங்கள். அவற்றுக்குக் கீழே 25 பெல்வில் பாய்லர்கள் இருந்தன. நீர் குழாய்க்குள் ஓட, நெருப்பு வெளியிலிருந்து சுடும் வகை. அந்த நீராவி இரண்டு மூவிரிவு இன்ஜின்களுக்குப் போகும். ஒரே நீராவி முதலில் சின்ன சிலிண்டரில் அதிக அழுத்தத்தில் தள்ளும், பிறகு நடுத்தர சிலிண்டரில், கடைசியில் பெரிய சிலிண்டரில் மிச்ச பலத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். மொத்தம் 15,000 குதிரைத்திறன், இரண்டு புரொப்பெல்லர், 18 நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் 33 கிலோமீட்டர். டன்னுக்கு ஒரு குதிரைத்திறன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் நிலக்கரி. கிட்டத்தட்ட 2,000 டன் ஏற்றலாம். அத்தனையும் மண்வெட்டியால் மனிதர்கள் அள்ளிப் போட்டது. டீசல் இன்ஜின் அறையின் சூட்டிலேயே நான் சட்டை நனைந்து நின்றிருக்கிறேன். பாய்லர் வாயைத் திறந்து கரி வீசியவர்களை நினைத்தால் கை தானாகக் கும்பிடுகிறது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களில் நிலக்கரி அறைகளைப் பக்கச் சுவரை ஒட்டியே வைத்தார்கள். குண்டு கவசத்தைத் துளைத்து வந்தாலும் சில மீட்டர் கரியைத் தாண்டித்தான் பாய்லரைத் தொட வேண்டும்.

பீரங்கிகளை அளவு வாரியாக எண்ணுங்கள்

மூன்றாவது முறை எங்கள் கப்பலில் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தம்பியைக் கூட்டிப்போனேன். கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சார், எதுக்கு இத்தனை சைஸ்ல பீரங்கி? எல்லாத்தையும் பெருசாவே வெச்சிருக்கலாமே?" என்றான். இந்தக் கப்பலைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளிலேயே முக்கியமானது அதுதான்.

நீங்களும் எண்ணிப் பாருங்கள். முன்னால் ஒரு பீரங்கிக் கூண்டு, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு குழல். இவை 12 அங்குலம். அடுத்து பக்கச் சுவரில் வரிசையாக வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை 6 அங்குலம். இவை மொத்தம் 14. பத்து கீழ் வரிசையில், நான்கு மேல் தளத்து மூலைகளில். அதற்கும் சின்னவை 20, ஏறத்தாழ 3 அங்குலம். அவற்றுக்கும் கீழே இன்னும் சில பொடிப் பீரங்கிகள். போதாததற்கு, தண்ணீருக்கு அடியில் நான்கு டார்பிடோ குழாய்கள்.

ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வேலை உண்டு. 12 அங்குலக் குண்டின் எடை சுமார் 386 கிலோ, அதாவது எட்டு சிமெண்ட் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. பட்டால் கவசம் உடையும், ஆனால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். 6 அங்குலக் குண்டு சுமார் 45 கிலோ. ஒரு மூட்டையை விடக் கொஞ்சம் லேசு, மனிதன் தூக்கிவிடலாம். நிமிடத்துக்குப் பல குண்டு போகும். கவசம் இல்லாத மேல்பகுதிகளைச் சிதைத்து, தீ மூட்டி, எதிரியை நிலைகுலைய வைப்பது அதன் வேலை. 3 அங்குலமும் அதற்குக் கீழே உள்ளவையும் இரவில் பாய்ந்து வரும் டார்பிடோ படகுகளைத் துரத்த. 1890களில் கடற்போர் சில கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் நடக்கும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்புக்கு இந்தக் கலவை பொருத்தமான பதில்.

தூரம் கூடக்கூடத்தான் சிக்கல் வந்தது. குண்டு கடலில் விழுந்து எழுப்பும் நீர்த்தூணைப் பார்த்துத்தான் அடுத்த குண்டுக்குக் குறியைத் திருத்துவார்கள். பல அளவுக் குண்டுகள் கலந்து விழுந்தால் எது யாருடைய நீர்த்தூண் என்று பிரிக்கவே முடியாது. இதைத் தம்பியிடம் சொன்னதும், "அப்போ நான் கேட்டது சரிதானே சார்?" என்றான். சரிதான். 1906-ல் பிரிட்டன் மிதக்கவிட்ட ட்ரெட்நாட் பத்து 12 அங்குலப் பீரங்கிகளோடும் டர்பைன் இன்ஜினோடும் 21 நாட் வேகத்தோடும் வந்தது. அதன் பிறகு மிகாசா போன்ற கப்பல்களுக்கெல்லாம் 'அதற்கு முந்தையவை' என்று பெயராகிவிட்டது. ஆனால் 1890களில் வரைபட மேசை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அவர்கள் கையில் இருந்த அறிவுக்கு இது மிக நல்ல கப்பல் என்பதுதான் என் கருத்து.

கவசம் அதற்கு நல்ல சான்று. மிகாசாவுக்குச் சற்று முன்னால் கட்டிய ஷிகிஷிமா வகைக் கப்பல்களில் ஹார்வி எஃகு. மிகாசாவுக்குக் க்ரூப் எஃகு கிடைத்தது. அதே தடிமனில் கூடுதல் பலம். நீர்மட்டத்தை ஒட்டிய பட்டைக் கவசம் நடுவில் 229 மில்லிமீட்டர், முனைகளில் 102. கட்டியது இங்கிலாந்தில், பாரோ-இன்-ஃபர்னஸில் விக்கர்ஸ் தளம். 1899 ஜனவரியில் வேலை தொடங்கி, 1900 நவம்பரில் நீரில் இறங்கி, 1902 மார்ச்சில் ஜப்பானிடம் வந்தது. இவ்வளவு பெரிய போர்க்கப்பலைத் தானே கட்டும் வசதி அப்போது ஜப்பானில் இல்லை. சீனாவோடு நடந்த போரில் கிடைத்த இழப்பீட்டுப் பணமும் சேர்ந்து ஆறு போர்க்கப்பல், ஆறு கவசக் குரூசர் என்ற திட்டத்துக்கு உதவியது. அந்த ஆறு போர்க்கப்பல்களில் கடைசி மிகாசா. பெயர் நாராவில் உள்ள ஒரு மலையின் பெயர்.

இப்போது உள்ளே போங்கள்

உள்ளே போனதும் எது பழையது, எது புதியது என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். என் வழி எளிது. இந்தக் கப்பல் கட்டிய காலத்தில் வெல்டிங் கிடையாது, தகடுகளை ரிவெட் அடித்துத்தான் சேர்த்தார்கள். அதனால் வெல்டிங் கோடு கண்ணில் பட்டால் அது பின்னால் நடந்த வேலை. குமிழ் குமிழாக ரிவெட் தலைகள் வரிசையாகப் போகிற இடத்தில் கையை வைத்துப் பாருங்கள். பெயின்ட் பல அடுக்கு ஏறி மழுங்கியிருந்தாலும் ஒவ்வொரு தலையும் விரலுக்குத் தெரியும். ஒருவன் சூடாக்கிக் கொடுக்க இன்னொருவன் அடித்தது.

பெரிய பீரங்கிகள் மாதிரிகள்தான். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நேரத்தில் பெரும்பங்கை 6 அங்குலப் பீரங்கி அறைக்குக் கொடுங்கள். வீரர்களின் உருவங்களை வைத்து அங்கே காட்சி அமைத்திருக்கிறார்கள். ஒருவர் மூடியைத் திறக்க, ஒருவர் குண்டை ஏந்தி நிற்க, ஒருவர் குறி பார்க்க. பீரங்கியின் பின்பகுதிக்கும் சுவருக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்று பாருங்கள். சுடும்போது குழல் பின்னால் உதைக்கும் இடத்தை அதிலிருந்து கழியுங்கள். மீதியில் பத்துப் பேர் நிற்க வேண்டும். அப்புறம் தலையைத் தூக்குங்கள். மாலுமிகள் இரவில் இங்கேயேதான் தூளி கட்டித் தூங்கினார்கள். தூங்குகிற இடமும் வேலை செய்கிற இடமும் ஒன்று. பீரங்கி நீட்டும் துவாரம் வழியாகக் குனிந்து பார்த்தால் கடல் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது தெரியும். கீழ் வரிசைப் பீரங்கிகளின் பலவீனமே அதுதான், அலை உயர்ந்தால் தண்ணீர் அடிக்கும். 1905-ல் ரஷ்யக் கப்பற்படையோடு நடந்த சுஷிமாப் போரன்று காலை ஜப்பானியத் தலைமையகத்துக்குப் போன தந்தியில், வானம் தெளிவு, ஆனால் அலை உயரம் என்று ஒரு வரி உண்டு. எழுதியவர் டோகோவின் அலுவலர் அகியாமா சனேயுகி. இந்தத் துவாரத்தில் குனிந்த பிறகு அந்த வரியைப் படித்தால் அதன் கனம் புரியும்.

பின்பக்கம் அட்மிரலின் அறையும், அதை ஒட்டிக் கடலைப் பார்த்த நடைமாடமும் இருக்கின்றன. அழகான இடம், சீக்கிரம் பார்த்து முடித்துவிடலாம்.

மேலே, பிரிட்ஜில்

ஏறுவதற்கு முன் கவசக் கட்டளைக் கூண்டைப் பாருங்கள். சுவர் 356 மில்லிமீட்டர். முக்கால் முழத்துக்கும் சற்றுக் கூடுதலான திண்ணெஃகு. வெளியே பார்க்க ஒரு சிறு இடுக்கு மட்டும். போர் நடக்கும்போது தளபதி நிற்க வேண்டிய இடம் அது. அதைப் பார்த்துவிட்டு அதற்கு மேலே, கப்பலை நடத்தும் மேடையான திறந்த பிரிட்ஜுக்கு ஏறுங்கள். காற்று முகத்தில் அடிக்கும், இடுப்பளவுத் தடுப்பு, வேறொன்றும் இல்லை. 1905 மே 27 அன்று டோகோ நின்றது இங்கேதான். உள்ளே வரச்சொல்லிக் கேட்டும் வரவில்லை. யார் யார் எங்கே நின்றார்கள் என்று தளத்தில் குறித்திருக்கிறார்கள். தலைமை அலுவலர் கட்டோ தோமோசபுரோ, அகியாமா, கேப்டன் இஜிச்சி. உங்கள் காலை அந்தக் குறிக்குப் பக்கத்தில் வைத்து நின்று, பிறகு நடந்ததை மனதில் ஓட்டுங்கள்.

பிற்பகல் இரண்டு மணி ஆகப் போகிறது. கொடிமரத்தில் இசட் கொடி ஏறுகிறது. மஞ்சள், நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு முக்கோணம். நாட்டின் வாழ்வும் தாழ்வும் இந்தப் போரில், ஒவ்வொருவரும் முழுமூச்சாக உழைக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தம் வைத்திருந்தார்கள். பால்டிக் கடலிலிருந்து ஏழு மாதம் பயணம் செய்து களைத்த ரஷ்யக் கப்பற்படை எதிரே வருகிறது. இரண்டு மணி தாண்டி ஐந்து நிமிடம் போல டோகோ இடது பக்கம் திரும்பச் சொல்கிறார். கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கடலில் ஒரே இடத்தில் வந்து திரும்ப வேண்டும். ரஷ்யர்கள் அந்த ஒரு இடத்தைக் குறிவைத்துச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். முதலில் திரும்புவது மிகாசா. எல்லா அடியும் முதலில் வாங்குவதும் மிகாசா. திரும்பி முடித்த பிறகுதான் ரஷ்ய அணியின் தலைக்கு முன்னால் குறுக்கே ஓடி, எல்லாப் பீரங்கிகளையும் ஒரே பக்கம் திருப்ப முடிந்தது. மிகாசா பதிலுக்குச் சுடத் தொடங்கியபோது தூரம் 6 கிலோமீட்டர் சொச்சம்.

அன்று மிகாசாமேல் 40-க்கும் மேற்பட்ட குண்டுகள் விழுந்தன. அவற்றில் பத்து 12 அங்குலம். இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் சேர்ந்து 113 பேர். கப்பல் தன் பங்குக்கு 124 பெரிய குண்டுகளைச் சுட்டது. கரையில் நின்று நாம் பார்த்த கவசம், கரி அறை, பல அளவுப் பீரங்கி எல்லாவற்றுக்கும் பரீட்சை இந்த ஒரு பிற்பகல். கவசம் தேறியது. பீரங்கிகள் அவ்வளவு தேறவில்லை என்பேன். தன் குண்டே தன் குழலுக்குள் வெடித்து முன் கூண்டின் ஒரு பெரிய பீரங்கி கெட்டது. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 10, மஞ்சள் கடல் போரில் பின் கூண்டு செயலிழந்திருந்தது. அன்று மிகாசா வாங்கியது 20 குண்டடி, சாவும் காயமுமாக 125 பேர்.

பிறகு நடந்ததைத் தெரிந்துகொண்டு பாருங்கள்

பெரும்பாலானவர்கள் சுஷிமாவோடு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் மேல்தளத்தின் பின்பகுதியில் நில்லுங்கள்.

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது 1905 செப்டம்பர் 5. ஒரு வாரம்கூட முடியவில்லை. 11-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, சசேபோ துறைமுகத்தில் கட்டியிருந்தபோது கப்பலில் தீப்பிடித்து, பின்பக்க வெடிமருந்து அறை வெடித்து, மிகாசா நின்ற இடத்திலேயே மூழ்கியது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு பெரிய போர்களிலும் சேர்த்து இந்தக் கப்பலில் இறந்தவர்களைவிட அந்த ஒரு இரவில் போனவர்கள் பல மடங்கு. எதிரி யாரும் இல்லை. கப்பலில் வேலை செய்த எவனுக்கும் இது நெஞ்சில் குத்தும். நமக்கும் வெளியே வரும் புயலைவிட உள்ளே பிடிக்கும் தீதான் பயம்.

மிகாசா சேற்றில் கிடந்த அந்த மாதங்களில்தான், 1906 பிப்ரவரியில், ட்ரெட்நாட் நீரில் இறங்கியது. மிகாசாவை மேலே மிதக்கவிட்டது அதே ஆண்டு ஆகஸ்டில். புதுப் பீரங்கிகளோடு 1908 ஆகஸ்டில் மறுபடி சேவைக்கு வந்தபோது அது பழைய கப்பலாகிவிட்டிருந்தது. 1921-ல் விளாடிவொஸ்டாக் பக்கம் அஸ்கோல்ட் தீவருகே தரைதட்டியது. போர்க்கப்பல்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட வாஷிங்டன் ஒப்பந்தப்படி 1923-ல் படையிலிருந்து விலக்கினார்கள். உடைத்திருக்க வேண்டியது. மறுபடி ஓட முடியாதபடி தரையில் பதிப்பதாகச் சொல்லி நினைவுச்சின்னமாக வைத்துக்கொள்ள மற்ற நாடுகளிடம் சம்மதம் வாங்கி, 1926 நவம்பரில் திறந்தார்கள். கான்கிரீட் வந்த கதை இதுதான்.

பீரங்கிகள் மாதிரிகளாக இருக்கும் காரணம் 1945-க்குப் பிறகு. ஜப்பான் தோற்றதும் பீரங்கி, கொடிமரம், மேற்கட்டு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். மேல்தளத்தில் நடன அரங்கும் மீன் காட்சியகமும் நடந்தன. 1955-ல் பாரோவைச் சேர்ந்த ஒருவர் வந்து பார்த்து மனம் பொறுக்காமல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தன் ஊரில் கட்டிய கப்பல் அல்லவா. பிறகு, பசிபிக் போரில் ஜப்பானை எதிர்த்து நின்ற அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸே ஆதரவு கொடுத்துப் பணமும் கொடுத்தார். அந்தச் சமயம் ஜப்பானில் உடைக்கப்பட்டுக்கொண்டிருந்த சிலி நாட்டு அல்மிராந்தே லத்தோரே என்ற போர்க்கப்பலிலிருந்தும் சில பாகங்கள் வந்தன. அதுவும் பிரிட்டனில் கட்டியதுதான். 1961 மே 27, சுஷிமா நாளன்றே மறுபடி திறந்தார்கள். அந்த மாதிரிப் பீரங்கிகளை நான் மட்டமாக நினைப்பதில்லை. காணாமல் போனதை இவ்வளவு அக்கறையாகத் திரும்பச் செய்து வைத்திருக்கிறார்களே.

இறங்கிய பிறகு நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். பக்கத்திலேயே சருஷிமா தீவுக்குப் படகு போகிறது, பத்து நிமிடப் பயணம். தீவைச் சுற்றிப் பார்ப்பது உங்கள் விருப்பம். படகு கிளம்பியதும் பின்பக்கம் உட்கார்ந்து மிகாசாவையே பார்த்துக்கொண்டிருங்கள். சிறிது தூரத்தில் தளத்து மனிதர்கள் மறைவார்கள், பிறகு பீரங்கிக் குழல்கள் ஒவ்வொன்றாக மறையும், கடைசியில் இரண்டு கொடிமரமும் இரண்டு புகைபோக்கியும் மிஞ்சும். ஆறு கிலோமீட்டரில் குறிபார்த்தவன் கண்ணுக்கு இன்னும் சின்னதாக, புகைக்கு நடுவே, அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.